தராசுக்குத் தாமதமாகத்தான் தெரியும்

ஜிம்மில் சேர்ந்து 15 நாள் ஆகியிருந்தது. வாரத்துக்கு நான்கு நாள் தவறாமல் போயிருந்தேன். தட்டில் விழுவதும் கொஞ்சம் குறைந்திருந்தது. மூலையில் கிடந்த எடை மெஷினில் நம்பிக்கையோடு ஏறினேன். சேர்ந்த அன்றைக்கு இருந்ததைவிட அரை கிலோ கூடுதல். இறங்கி, ஷூவைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன். பிறகு தண்ணீர் பாட்டிலையும் செல்போனையும் கீழே வைத்துவிட்டு மூன்றாவது தடவை. இதற்கு மேல் கழற்றினால் மரியாதையாக இருக்காது என்பதால் விட்டுவிட்டேன்.

புதிதாக ஜிம்முக்குப் போகிறவர்களில் பலர் கழன்றுகொள்வது ஏறக்குறைய இந்த இடத்தில்தான். சோம்பேறித்தனம் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். எனக்கென்னவோ, கழன்றுகொண்டவர்கள் எடை மெஷின் என்ற தவறான சாட்சியை விசாரித்துவிட்டார்கள் என்றுதான் படுகிறது. பயிற்சி தொடங்கியதும் உடம்பில் மாற்றங்கள் ஒரு வரிசைப்படி நடக்கின்றன. நரம்பும் ரத்தமும் முதலில் மாறுகின்றன. இதயமும் தசையும் அடுத்து. கொழுப்பு வரிசையின் கடைசியில் நிற்கிறது, அதுவும் ஜிம்மை மட்டும் நம்பி நகர்வதில்லை. எடை மெஷினுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. எலும்பு, தசை, கொழுப்பு, தண்ணீர், சற்றுமுன் சாப்பிட்டது எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்லும்.

அந்த அரை கிலோ பெரும்பாலும் தண்ணீர். தசை தன் உடனடிச் செலவுக்காக மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் பதுக்கி வைக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். புதிதாக வேலை வாங்கப்படும் தசை தன் கிடங்கைப் பெரிதாக்கிக்கொள்கிறது. தண்ணீர் கூடவே வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, பழக்கமில்லாத உழைப்பால் தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தைச் சரிசெய்யும்போது அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவும் முதல் சில நாட்களிலேயே கூடத் தொடங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அதிக ரத்தத்தை அனுப்ப அது வழி செய்கிறது. ஆக, மெஷின் கெட்ட செய்தியாகக் காட்டியதில் நல்ல செய்தியும் கலந்திருந்தது. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ‘ஒரே வாரத்தில் மூன்று கிலோ’ விளம்பரங்களின் சூட்சுமமும் விளங்கிவிடும். மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் கிளைக்கோஜன் தீர்கிறது. அதோடு ஒட்டியிருந்த தண்ணீர் சிறுநீராக வெளியேறுகிறது. கொழுப்பு அந்த ஒரு வாரத்தில் பெரிதாக அசைந்திருக்காது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிய மூன்றாம் நாள் தண்ணீரும் திரும்பிவிடும்.

நரம்பு முதலில் மாறும் என்று சொன்னேன் அல்லவா, அதை என் கையிலேயே பார்த்தேன். முதல் நாள் பயிற்றுநர் கொடுத்தது வெறும் பார்பெல் கம்பி. தட்டு எதுவும் மாட்டாமலே 20 கிலோ. பெஞ்சில் மல்லாந்து படுத்து, அதை நெஞ்சுவரை இறக்கி மேலே தள்ள வேண்டும். வலது கை முந்தியது, இடது கை பிந்தியது, கம்பி காற்றில் ஆடும் ஊஞ்சல் பலகை மாதிரி சாய்ந்தது. ஐந்தாவது வாரத்தில் அதே கம்பியில் இரண்டு பக்கமும் ஐந்தைந்து கிலோ மாட்டி நேராகத் தள்ள முடிந்தது. கண்ணாடியில் பார்த்தால் கை பழைய கைதான். சுற்றளவு ஒரு நூல்கூடக் கூடவில்லை.

1979இல் மொரிட்டானி, டி வ்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தசையின் மின்சமிக்ஞைகளை அளந்து இதற்கு விளக்கம் கொடுத்தார்கள். முதல் சில வாரங்களில் கூடும் பலத்தின் பெரும்பகுதி, நரம்பு மண்டலம் கற்றுக்கொண்ட பாடத்தின் விளைவு. எந்த நார்களை எந்தக் கணத்தில் எழுப்புவது, எதிர்ப்பக்கம் இழுக்கும் தசையை எப்போது தளர்த்துவது என்று உடம்பு பழகுகிறது. சைக்கிள் ஓட்டப் பழகுவது மாதிரிதான். தசை கண்ணுக்குத் தெரியும்படி திரள்வது அதற்குப் பிந்திய வேலை. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். முதல் மாதத்தில் கண்ணாடி முன் நின்று கையை மடக்கிப் பார்ப்பவர்களைக் கேலி செய்யாதீர்கள். பலம் வந்திருக்கிறது, பார்க்கத்தான் ஒன்றும் இல்லை.

வலிக்கும் ஒரு கால அட்டவணை உண்டு. பயிற்சி செய்த அன்று மிதப்பாக இருக்கும். அடுத்த நாள் லேசாகப் பிடிக்கும். உச்சம் 24 முதல் 72 மணி நேரத்துக்குள். முதன்முதலாக ஸ்குவாட், அதாவது பாரத்தோடு உட்கார்ந்து எழும் பயிற்சி, செய்த வாரத்தின் மூன்றாம் நாள் மாடிப்படியில் நான் கண்டது இது: ஏறும்போது சமாளிக்க முடிந்தது, இறங்கும்போதுதான் தொடை அலறியது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். காரணம் எளிமையானது. தசை சுருங்கிப் பாரத்தைத் தூக்கும்போது ஏற்படுவதைவிட, நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போது நார்களுக்குச் சேதம் அதிகம். கையில் பிடிக்கும் எடையான டம்பலை மெதுவாகக் கீழே கொண்டுவருவது, ஸ்குவாட்டில் உட்காரப் போவது, படி இறங்குவது எல்லாம் அந்த வகை. லாக்டிக் அமிலம் தேங்கியதால்தான் வலி என்று ஜிம்மில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். பயிற்சியில் அந்த அமிலம் இருக்கும் வடிவமான லாக்டேட் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். இரண்டு நாள் கழித்து வருகிற வலிக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. தியோடர் ஹஃப் என்ற ஆய்வாளர் 1902லேயே தசைக்குள் ஏற்படும் கிழிசலைத்தான் சந்தேகித்தார். நூறு வருடம் தாண்டியும் அமிலக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒருமுறை வலித்த தசை அதே வேலையை அடுத்த வாரம் செய்யும்போது மிகக் குறைவாகத்தான் வலிக்கும். வலி நின்றுவிட்டதால் பயிற்சி பலிக்கவில்லை என்று நினைத்துப் பாரத்தைக் கண்டபடி ஏற்றுகிறவர்கள் உண்டு. வலி, பழக்கமின்மையின் அளவுகோல். பலனின் அளவுகோலாக அதைக் கொள்ள முடியாது. ஓர் எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முதல் நாளே வெறியோடு செய்து, தசை வீங்கி, சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால் வீட்டில் படுத்துக்கொண்டு பொறுத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ராப்டோமயோலிசிஸ் என்று அதற்குப் பெயர். உடைந்த தசையின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். முதல் முறையாக உட்புற சைக்கிள் வகுப்புக்குப் போய் இப்படி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. நெஞ்சு வலி, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்கள் சேரும் முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

இனி எடைக் கணக்குக்கு வருவோம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் டிரெட்மில்லில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 240 கலோரி செலவாகும். அதில் 70 கலோரி, அவர் அந்த நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். மிச்சம் 170. உடம்பின் ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு கிலோவுக்கு 45 மணி நேர நடை. வாரத்துக்கு நான்கு மணி நேரம் நடப்பவருக்குப் பதினோரு வாரம் ஆகும். அந்தப் பதினோரு வாரமும் அவர் ஒரு கவளம்கூட அதிகமாகச் சாப்பிடக் கூடாது.

நடைமுறையில் கணக்கு இதைவிடக் கறாரானது. ஹெர்மன் பான்ட்சர் என்ற மானுடவியலாளர், தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கும் தேனும் சேகரித்தும் வாழும் ஹட்ஸா மக்களின் அன்றாட ஆற்றல் செலவை அளந்து 2012இல் வெளியிட்டார். தினமும் பல கிலோமீட்டர் நடக்கும் அவர்கள், உடல் அளவை வைத்து ஒப்பிட்டால், அலுவலக நாற்காலியில் வாழ்கிறவர்களைவிடக் கூடுதலாக எதுவும் செலவழிக்கவில்லை. அசைவு கூடும்போது உடம்பு தன் வேறு செலவுகளில் சிக்கனம் பிடிக்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம். எவ்வளவு சிக்கனம் என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் ஓயவில்லை. ஆனால் சிக்கனம் நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஜிம்மிலிருந்து திரும்பிய மாலையில் மாடிக்கு லிஃப்டில் போகிறோம், சோபாவில் சாய்கிறோம், இன்றைக்கு உழைத்தோமே என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொள்கிறோம். ஒரு மணி நேரம் உழைத்த உடம்பு மிச்ச 23 மணி நேரமும் அதற்குக் கூலி கேட்கிறது.

தசையைக் கூட்டினால் தூங்கும்போதும் கொழுப்பு எரியும் என்ற ஆறுதலும் அவ்வளவு பெரியதில்லை. ஓய்வில் இருக்கும் ஒரு கிலோ தசை ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 13 கலோரி. பாடுபட்டு மூன்று கிலோ தசை ஏற்றினாலும் நாளுக்கு 40 கலோரிதான் கூடுதல்.

கரைகிற கொழுப்பு எப்படி வெளியேறுகிறது என்பதில் நிறையப் பேருக்குத் தவறான படம் இருக்கிறது. வியர்வையாக வழிகிறது என்று நினைத்துத்தான் பிளாஸ்டிக் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2014இல் இதை வேதியியல் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முழுமையாக எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, 1.6 கிலோ மட்டுமே தண்ணீராகிறது. வியர்வை உடம்பைக் குளிர்விக்கும் ஏற்பாடு. அதில் போன எடை அடுத்த பாட்டில் தண்ணீரில் திரும்பிவிடும். வயிற்றைக் குறைக்க வயிற்றுப் பயிற்சி என்பதும் இதே ரகம். டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் ஒப்பிட்டு 1971இல் ஓர் ஆய்வு வந்தது. மட்டை பிடிக்கும் கை மற்றதைவிடப் பருத்திருந்தது. ஆனால் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பின் தடிமன் இரண்டிலும் ஒன்றே. எங்கிருந்து கொழுப்பை எடுப்பது என்பதை உடம்பு நம்மிடம் கேட்டு முடிவு செய்வதில்லை.

எடை குறைவதில் பெரும்பங்கு சமையலறையில் நடக்கிறது என்றால், ஜிம் எதற்கு? சாப்பாட்டை மட்டும் குறைத்து இளைப்பவர்கள் கொழுப்போடு தசையையும் இழக்கிறார்கள். மெஷின் இரண்டையும் ஒரே வெற்றியாகக் காட்டும். பாரம் தூக்குவதும், போதுமான புரதம் சாப்பிடுவதும் அந்தத் தசை இழப்பைத் தடுக்கின்றன. பொதுவான பரிந்துரை உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம். எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.6 கிராம் வரை பலன் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது. குறைந்த எடை மறுபடி ஏறாமல் காப்பதில் பயிற்சியின் கை இன்னும் ஓங்கியிருக்கிறது. அமெரிக்காவில் 1994இல் தொடங்கப்பட்ட தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து அதை ஒரு வருடமாவது தக்கவைத்தவர்கள் மட்டும் இருக்கிறார்கள். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறவர்கள். இளைத்த வழிகள் பலவிதம். இளைத்தபடியே இருந்த வழியில் இது பொதுவாக இருக்கிறது.

என்ன செய்வது என்பது, ஜிம்மில் நிற்கும் இயந்திரங்களின் எண்ணிக்கை காட்டுவதைவிட மிக எளிமையானது. உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது. இந்த நான்கு அசைவுகளில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். ஒவ்வொன்றிலும் மூன்று செட், செட்டுக்குப் பத்துத் தடவை என்று பயிற்றுநர்கள் எழுதிக் கொடுப்பதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலில் விழுந்து, எடை தூக்கித் தேறியவர். இரண்டாம் உலகப் போரில் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கு லேசான அசைவுகளையே நாள் முழுவதும் செய்யச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், கனமான பாரத்தைக் கொடுத்து, தேறத் தேற அதைக் கூட்டிக்கொண்டே போனார். 1945இல் தம் முறையை வெளியிட்டார். 1948க்குள் அது பத்துத் தடவை, மூன்று செட் என்ற வடிவத்துக்கு வந்துவிட்டது. பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதுதான் அதன் உயிர். ஒரு வருடமாக அதே ஐந்து கிலோ டம்பலை ஆட்டிக்கொண்டிருப்பவர் மூன்று செட் செய்தாலும் முப்பது செட் செய்தாலும் அந்த உயிர் அதில் இல்லை. நான் எழுதி வைக்கும் சின்ன நோட்டில் ஒவ்வொரு நாளும் எவ்வளவு, எத்தனை தடவை என்று மட்டும் இருக்கும். வேறு எந்தக் கருவியும் எனக்கு இவ்வளவு உதவியதில்லை.

நடை, ஓட்டம் போல இதயத்துக்கு வேலை கொடுக்கும் கார்டியோவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. மிதமானது எது என்று அறிய கைக்கடிகாரம் வேண்டாம். பேச முடிந்து, பாட முடியாமல் போனால் அதுதான். அதிகபட்ச இதயத் துடிப்பைக் கண்டுபிடிக்க 220இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரம் சராசரிக்குப் பொருந்தும். தனி மனிதரிடம் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படி அப்படி இருக்கும். டிரெட்மில்லில் ‘கொழுப்பு எரிக்கும் மண்டலம்’ என்றொரு பொத்தான் இருக்கிறதே, மெதுவாகப் போனால் செலவில் கொழுப்பின் விகிதம் கூடுவது உண்மை. மொத்தச் செலவே குறைந்துவிடுவதை அந்தப் பொத்தான் சொல்வதில்லை.

இத்தனையும் தெரிந்தாலும் போனால்தானே? பொருளாதார அறிஞர்கள் டெல்லாவிக்னாவும் மால்மெண்டியரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று அமெரிக்க உடற்பயிற்சிக்கூடங்களில் மாதச் சந்தா கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 தடவைதான் போனார்கள். போகும்போதெல்லாம் தனித்தனியாகப் பணம் கொடுத்திருந்தால் செலவு குறைந்திருக்கும். வருங்காலத்து நம்மைப் பற்றி நமக்கு இருக்கும் உயர்ந்த அபிப்பிராயத்துக்குக் கட்டுகிற சந்தா அது. பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் லண்டனில் நடத்திய இன்னோர் ஆய்வு, ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆவதாகக் கண்டது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். உடற்பயிற்சி, ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பதைவிட மெதுவாகவே படிந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் இல்லை என்பதும் அதில் தெரிந்தது.

அந்த 66 நாளும் எதைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்வது? ஜெர்மி மோரிஸ் என்ற ஆய்வாளர் ஒரு வழி காட்டியிருக்கிறார். லண்டன் மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு அவர் 1953இல் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, பஸ்ஸின் மாடிப்படியில் ஒரு நாளில் 500 படிகளுக்கு மேல் ஏறிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது தெரிந்தது. கண்டக்டர்கள் ஒல்லியாக இருந்ததுதான் காரணமோ என்று சந்தேகம் வந்தது. அவர்களுக்குச் சீருடை தைக்க எடுத்திருந்த அளவுகளை மோரிஸ் தேடிப் போனார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒல்லியான கண்டக்டர், நடுத்தரக் கண்டக்டர், தொந்தி போட்ட கண்டக்டர் என்று பிரித்துப் பார்த்தபோதும் ஒவ்வொரு பிரிவிலும் கண்டக்டருக்கே ஆபத்து குறைவாக இருந்தது. தொந்தி போட்ட அந்த மனிதர் எடை மெஷினில் ஏறியிருந்தால் அது அவருக்கு எந்த நல்ல வார்த்தையும் சொல்லியிருக்காது. மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார்.

மூன்றாம் மாத முடிவில் என் எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது. காலையில் எழுந்ததும் எண்ணும் நாடித் துடிப்பு 82இலிருந்து 71க்கு வந்திருந்தது. மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் இறங்குகிறேன். ஜிம்மில் எடை மெஷின் இருந்த மூலையில் யாரோ யோகா பாய்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஏறிப் பார்க்க வேண்டுமானால் அவற்றை நகர்த்த வேண்டும். இன்னும் நகர்த்தவில்லை.